டிக்கி திறக்கவில்லையா, மூடவில்லையா: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்போம்

சிங்கப்பூரில் நாம் இதை 'பூட்' என்றுதான் சொல்வோம். ஆனால் எழுத்தில் 'பூட்டைத் திற' என்று போட்டால் காரின் பின்பக்கத்தைச் சொல்கிறேனா, பூட்டைச் சொல்கிறேனா என்று குழப்பம் வரும். அதனால் ஊரில் சொல்வதுபோல டிக்கி என்றே எழுதுகிறேன்.

என்னுடையது பத்து வருடம் தாண்டி சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் செடான். இந்த வயதுக் கார்களில் எஞ்சின் நன்றாக இருக்கும், கியர் நன்றாக இருக்கும், டிக்கி மட்டும் ஒருநாள் திறக்காது. வொர்க்ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் 'லாட்ச் போயிடுச்சு, முழுசா மாத்தணும்' என்பார்கள். லாட்ச் என்றால் மூடியைக் கவ்விப் பூட்டும் பொறி. என் காரிலும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் காரிலுமாக நான் கிட்ட இருந்து பார்த்தவரை லாட்ச் உண்மையிலேயே கெட்டுப்போனது குறைவு. கெட்டுப்போனது அதற்குப் போகிற கம்பி, அல்லது வெளியே இருக்கிற ரப்பர் பட்டன், அல்லது மூடி கொஞ்சம் நகர்ந்துபோய் வளையம் சரியாக உட்காராதது. இந்த மூன்றையும் பார்க்காமல் லாட்ச் மாற்றக் காசு கொடுக்காதீர்கள், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலை தொடங்கும் முன்

உங்கள் டிக்கி இப்போது திறந்த நிலையில் இருந்தால், மூடாதீர்கள். சோதிப்பதை எல்லாம் மூடி மேலே இருக்கும்போதே சோதித்துவிடலாம். மூடிவிட்டு 'இப்ப பார்ப்போம்' என்று பட்டனை அமுக்குகிறவர்கள்தான் பிறகு பின்சீட் வழியாகத் தவழ்ந்து உள்ளே போகிறார்கள்.

எப்படிச் சோதிப்பது? மூடியின் கீழ் ஓரத்தில் நடுவில் லாட்ச் இருக்கும். அதற்குள் நகம் மாதிரி வளைந்த ஒரு கவ்வி தெரியும். பம்பருக்கு மேலே, காரின் உடலில், தடித்த கம்பியை வளைத்த மாதிரி ஒரு இரும்பு வளையம் நிற்கும். மூடும்போது வளையம் போய்க் கவ்வியைத் தள்ளும், கவ்வி சுழன்று வளையத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் ஒரு சின்னத் தடை வந்து விழுந்து கவ்வி திரும்பிவிடாமல் நிறுத்தும். பெரும்பாலான செடான்களில் அமைப்பு இதுதான். சில கார்களில் லாட்ச் உடலிலும் வளையம் மூடியிலும் மாறி இருக்கும்.

ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து, வளையம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து தள்ளுமோ அதே பக்கத்திலிருந்து கவ்வியைத் தள்ளுங்கள். பெரும்பாலும் 'டிக்' என்று இரண்டு முறை கேட்கும். முதல் டிக்கில் பாதி, இரண்டாவதில் முழுசாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது டிக்கி விளக்கு அணைகிறதா என்றும் கவனியுங்கள், பல கார்களில் விளக்குக்கான சுவிட்ச் லாட்சுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள், அப்புறம் திரும்பத் தள்ளிப் பூட்டி வெளிப்பட்டன், அப்புறம் ஓட்டுநர் சீட்டுப் பக்கத்து நெம்புகோல், கடைசியில் சாவித் துளை. ஒவ்வொரு முறையும் கவ்வி பட்டென்று துள்ளித் திறக்க வேண்டும். துள்ள வேண்டும் என்பது முக்கியம், சோம்பேறித்தனமாக நகர்ந்தால் உள்ளே அழுக்கும் காய்ந்த கிரீஸும் இறுகிக் கிடக்கிறது என்று பொருள்.

சோதித்து முடித்ததும் கவ்வி திறந்த நிலையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். பூட்டிய கவ்வியின் மேல் மூடியை அடித்தால் வளையம் கவ்வியில் மோதித் தெறிக்கும், லாட்ச் வளையும், அதுவரை இல்லாத பிழை ஒன்று புதிதாக வந்து சேரும்.

அறிகுறி: பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை

முதலில் ரிமோட். பல கார்களில் டிக்கி பட்டனைத் தொட்டுவிட்டு எடுத்தால் திறக்காது, ஒரு விநாடிக்கு மேல் அமுக்கியபடி இருக்க வேண்டும். அதே ரிமோட்டில் கதவுகள் திறந்து மூடுகின்றன என்றால் சாவிக்குள் இருக்கும் பேட்டரியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. கதவும் கிட்டப் போனால்தான் வேலை செய்கிறது என்றால் மாற்றிவிடுங்கள், நிறையச் சாவிகளில் இருப்பது சிஆர்2032, புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையிலேயே சில வெள்ளிக்குக் கிடைக்கும். பழைய பேட்டரியின் முதுகில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள், 2025 என்பதும் அதே வட்டம்தான் ஆனால் தடிமன் குறைவு, ஆடிக்கொண்டு கிடக்கும்.

வெளிப்பட்டன் வேலை செய்யவில்லை என்றால் கார் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் கியர் பி-யில் இருந்தால்தான் திறக்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாமலேயே வருடக்கணக்கில் இருக்கும்: சில ஜப்பானிய செடான்களில் டிக்கியை மட்டும் தனியாக முடக்கிவைக்க ஒரு வசதி உண்டு. சாவியை வேறு ஒருவரிடம் கொடுக்கும்போது அவர் டிக்கியைத் திறக்காமல் இருப்பதற்காக வைத்தது. கையுறைப் பெட்டிக்குள் சுவிட்சாகவோ, சீட்டுப் பக்கத்து நெம்புகோலிலேயே ஒரு சாவித் துளையாகவோ இருக்கும். காரைக் கழுவக் கொடுத்து வாங்கிய பிறகு டிக்கி செத்துப்போனது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்து ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் பின்புறத்தில் அல்லது காரோடு வந்த புத்தகத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் எண் உள்ளதைப் போடுங்கள், அதைவிடப் பெரியது வேண்டவே வேண்டாம். போட்டதும் மறுபடி எரிகிறதா? அப்படியானால் ஃபியூஸில் பிழை இல்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி தோல் உரிந்து காரின் உடலைத் தொடுகிறது. அது எங்கே என்பது மூன்றாவது அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: சத்தம் கேட்கிறது, ஆனால் மூடி எழும்பவில்லை

இது நல்ல செய்தி. மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ரிமோட் சரி, ஃபியூஸ் சரி. பிரச்சினை இரும்பில் இருக்கிறது.

என் மச்சான் போன தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினார். தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கார்பார்க்கில் நிற்கிறார், டிக்கி திறக்கவில்லை.

"மச்சான், டிக்குன்னு சத்தம் கேக்குது, ஆனா வரமாட்டேங்குது. ஆட்டுக்கறி வேற உள்ள இருக்கு."

"உள்ள என்னென்ன வச்சீங்க?"

"ஐஸ் பெட்டி. அதுமேல முறுக்கு மாவு, எண்ணெய் டின். மூடும்போது கொஞ்சம் அழுத்தித்தான் மூடினேன்."

அந்தக் கொஞ்சம் அழுத்தியதுதான் காரணம். உள்ளே இருக்கும் சாமான் மூடியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்போது வளையம் கவ்வியை இழுத்துப் பிடித்தபடி நிற்கும். அந்தச் சின்னத் தடையின் மேல் அவ்வளவு பாரம் விழும்போது மோட்டாருக்கு அதை நகர்த்தப் பலம் போதாது. மூடியின் நடுவில், லாட்சுக்கு நேர் மேலே, இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கீழே அழுத்துங்கள், அழுத்தியபடியே இன்னொருவரை ரிமோட்டை அமுக்கச் சொல்லுங்கள், சத்தம் கேட்ட பிறகு கையை எடுங்கள் என்றேன். அக்கா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டார், இரண்டாவது முயற்சியில் திறந்துவிட்டது.

சாமான் எதுவும் இல்லாமலேயே இப்படி நடந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வெயிலில் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்த வெளிக் கார்பார்க்கில் நாள் முழுக்க நிற்கும் கார்களில் இது சகஜம். மேலே சொன்னபடி அழுத்தித் திறந்து, ரப்பரை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே லேசாக அடியுங்கள். சமையல் எண்ணெய், எஞ்சின் ஆயில் எதையும் ரப்பரில் தேய்க்காதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். இரண்டாவது, லாட்சுக்குள் அழுக்கு. தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே நிறுத்துகிறவர்கள் மூடியைத் திறந்து சுற்றி ஓடும் பள்ளத்தைப் பாருங்கள், அந்த மரத்தின் குட்டி இலைகள் தண்ணீர் வடியும் வழியை அடைத்து, தண்ணீர் தேங்கி, வளையமும் லாட்சும் துருப்பிடித்திருக்கும்.

சுத்தம் செய்யும் முறை: டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயைக் குழாய் வைத்து லாட்சுக்குள் அடியுங்கள், கீழே துணி பிடித்துக்கொள்ளுங்கள், கறுப்பாக வழியும். ஸ்குரூடிரைவரால் கவ்வியைப் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள். மறுபடி அடியுங்கள். கறுப்பு வருவது நின்றதும் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஸ்பிரே அழுக்கைக் கரைக்கும், ஆனால் நாளடைவில் வற்றிவிடும், வழுவழுப்பு தங்க வேண்டும் என்றால் கிரீஸ் வேண்டும். மோட்டார் பக்கம் அளவோடு அடியுங்கள்.

அறிகுறி: ஒருநேரம் திறக்கிறது, ஒருநேரம் திறக்கவில்லை

ஆளைப் பைத்தியமாக்குகிற பிழை இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு இது நடந்தது ஜொகூர் போய்த் திரும்பும்போது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொன்னார். பட்டனை அமுக்குகிறேன், ஒன்றும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. மூன்றாவது, நான்காவது தடவையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி திறந்துகொண்டது. வீட்டுக்கு வந்து பத்து முறை பார்த்தேன், பத்து முறையும் திறந்தது. அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது மறுபடி மக்கர். வொர்க்ஷாப்பில் லாட்சும் மோட்டாரும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து அதே கதை. அப்போதுதான் ஒன்று கவனித்தேன்: டிக்கி திறக்காத நாளில் நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை.

துப்பு அதுதான். மூடியில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சாமான்கள் சேர்ந்து சேட்டை செய்தால், அது நம்பர் பிளேட் விளக்கோ, மூன்றாவது பிரேக் விளக்கோ, பின்கேமராவோ, ஹாட்ச்பேக் என்றால் பின்வைப்பரோ, சந்தேகப்பட வேண்டியது மூடி மடங்கும் இடத்தை. காரின் உடலிலிருந்து மூடிக்குப் போகிற கம்பிகள் எல்லாம் கீலுக்குப் பக்கத்தில், செடானில் கீல் கையை ஒட்டியும், ஹாட்ச்பேக்கில் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய்க்குள்ளும் போகும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை அதே இடத்தில் மடங்குகின்றன. நாளைக்கு நான்கு முறை என்று வைத்தால்கூடப் பத்து வருடத்தில் பதினாலாயிரம் மடிப்பைத் தாண்டும். முதலில் மேல்தோல் வெடிக்கும், பிறகு உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். கடைசி இரண்டு மூன்று இழைகள் தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும் காலம்தான் இந்த 'ஒருநேரம்' காலம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே இன்னொருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மோட்டார் சத்தம் வந்து, இன்னொரு உயரத்தில் வரவில்லை என்றால் வேறு சோதனையே வேண்டாம். அடுத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும் கார் என்றால் அந்த எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ரப்பர் குழாயின் இரண்டு முனையையும் துளையிலிருந்து மெதுவாக நெம்பி எடுங்கள். குழாயைச் சுருட்டி நகர்த்தினால் கம்பிகள் தெரியும். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல கம்பி விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த கம்பி ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், ஏனென்றால் அங்கே பிடித்துக்கொண்டிருப்பது வெறும் தோல்தான், செம்பு இல்லை. என் காரில் மேலே பார்த்தால் எல்லாக் கம்பியும் நன்றாகத்தான் தெரிந்தன, பச்சை ஒன்றும் கறுப்பு ஒன்றும் மட்டும் இழுத்ததும் நீண்டன. கறுப்பு என் காரில் எர்த் கம்பி, அதனால்தான் டிக்கியும் விளக்கும் சேர்ந்து போயின.

பழுதுபார்க்கும்போது முறுக்கி டேப் சுற்றாதீர்கள். இந்த இடம் ஓயாமல் அசையும் இடம், நம்ம ஊர் வெப்பத்தில் டேப் பசை இளகி வழிந்து கம்பி மறுபடி வெளியே வரும். சேதமான பகுதியை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, அதே தடிமனில் அல்லது கொஞ்சம் கூடுதலான தடிமனில், நிறைய இழைகள் கொண்ட நெகிழ்வான கம்பித் துண்டை நடுவில் வைத்து இரண்டு முனையையும் சோல்டர் செய்யுங்கள். சோல்டர் வைத்த இடம் விறைத்துப்போகும், விறைத்த இடம் மடிப்பில் வந்தால் அங்கேயே மறுபடி உடையும், அதனால் துண்டை நீளமாக எடுத்து ஒட்டுகள் மடிப்புக்கு வெளியே, இந்தப் பக்கம் உடலுக்குள்ளும் அந்தப் பக்கம் மூடிக்குள்ளும் விழும்படி பாருங்கள். சூடு காட்டினால் சுருங்கும் குழாயைச் சோல்டர் வைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட மறக்காதீர்கள். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வந்தால் குழாய்க்குள் திரும்ப நுழைக்கச் சுலபம். ஒன்று அறுந்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் அறுகிற நிலையில்தான் இருக்கும், தோல் வெடித்த எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சோல்டர் பழக்கம் இல்லை என்றால் கார் எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். ஆனால் 'டிக்கி திறக்கல' என்று மட்டும் சொல்லாமல் 'கீல்கிட்ட கம்பி அறுந்திருக்கு, இந்த இடம்' என்று காட்டுங்கள். அப்படிக் காட்டினால் பேச்சு லாட்ச் மாற்றும் வேலைக்குப் போகாது.

அறிகுறி: மழைக்குப் பிறகு தானாகத் திறக்கிறது, அல்லது பட்டன் மெத்தென்று இருக்கிறது

நம்பர் பிளேட்டுக்கு மேலே, விரல் நுழைத்து அமுக்கும் இடத்தில் ரப்பர் மூடிய பட்டன் இருக்கும். பத்து வருட வெயிலிலும் ஈரத்திலும் அந்த ரப்பர் தார் மாதிரி இளகி விரலில் ஒட்டும், அல்லது காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுக்குப் போகும். நவம்பர், டிசம்பர் அடைமழையில்தான் இது அதிகம் தலைகாட்டும். தண்ணீர் சுவிட்சை இணைத்துவிட்டால் யாரோ பட்டனை அமுக்குகிறார்கள் என்று கார் நினைத்துக்கொள்ளும். பூட்டியிருந்தால் தப்பித்தீர்கள், பூட்டாமல் இருக்கும்போது டிக்கி தானே திறந்து நிற்கும். துருப்பிடித்துவிட்டாலோ எதிர்மாறாக, எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது, ஆனால் ரிமோட்டில் மட்டும் திறக்கும்.

சோதிப்பது எளிது. மூடியின் உள்பக்க விரிப்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றினால் அந்தப் பட்டனின் பின்பக்கப் பிளக் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருநாள் ரிமோட்டை வைத்து ஓட்டுங்கள். தானாகத் திறப்பது நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். பல கார்களில் பட்டனை மட்டும் தனியாக வாங்கலாம். முழுக் கைப்பிடியோடு சேர்த்துத்தான் வரும் என்று கடையில் சொன்னால் இன்னும் இரண்டு கடையில் கேட்டுப் பாருங்கள். புதிதைப் போடுவதற்கு முன், பழையது உட்கார்ந்திருந்த குழியில் தேங்கிய அழுக்கைத் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பர் சமமாகப் படியாமல் மறுபடி தண்ணீர் இறங்கும்.

அறிகுறி: அடித்து மூடினாலும் பூட்டிக்கொள்ளவில்லை

மறுபடி அடிக்காதீர்கள். கவ்வியைப் பாருங்கள். அது ஏற்கெனவே பூட்டிய நிலையில் இருக்கும், பிள்ளைகள் விரலால் தள்ளியிருப்பார்கள் அல்லது ஏதாவது சாமான் இடித்திருக்கும். ரிமோட்டையோ நெம்புகோலையோ ஒரு தடவை இயக்கினால் கவ்வி விடுபடும், அவ்வளவுதான். பூட்டிய நிலையிலும் இல்லை, தள்ளினால் நிற்காமல் திரும்பி வருகிறது என்றால் பின்னால் விழ வேண்டிய தடை ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. ஒட்டியிருந்தால் மேலே சொன்ன சுத்தம் போதும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அப்போது லாட்ச் மாற்றுவது நியாயம். நெம்புகோலிலிருந்து வரும் கேபிள் இறுகி, தடையை எப்போதும் இழுத்தபடி இருந்தாலும் இதே மாதிரி ஆகும், கேபிளை லாட்சிலிருந்து கழற்றிவிட்டுத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னால் யாராவது லேசாக இடித்த பிறகு இது தொடங்கியதா? அப்படியானால் வளையம் நகர்ந்திருக்கும். வளையத்தின் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடியை மெதுவாக இறக்குங்கள், லாட்சில் எந்த இடத்தில் கிரீஸ் படுகிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று தெரியும். வளையத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தும் முன், அது இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திப் பார்க்கிற வேலை இது, கோடு இல்லாவிட்டால் எங்கே இருந்து தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். மூடியின் மூலைகளில் இருக்கும் ரப்பர் குமிழ்களையும் பாருங்கள். பலவற்றைத் திருகி ஏற்றி இறக்கலாம். அதிகம் வெளியே வந்திருந்தால் மூடி கடைசி வரை இறங்காது, அதிகம் உள்ளே போயிருந்தால் மூடி பூட்டினாலும் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரும். சத்தம் வளையத்திலிருந்துதானா என்று தெரிய, வளையத்தில் துணி டேப்பை ஒரு சுற்று சுற்றி ஓட்டிப் பாருங்கள்.

பூட்டாத டிக்கியோடு கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு வொர்க்ஷாப் போகலாம் என்று நினைக்காதீர்கள். மூடி திறந்திருந்தால் புகைக்குழாய்ப் புகை காருக்குள் திரும்பி வரும், அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் பாதிப்பு அவர்களுக்கு.

அறிகுறி: மூடியிருக்கிறது, ஆனால் டாஷ்போர்டில் 'திறந்திருக்கிறது' என்று விளக்கு

லாட்சுக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச் சிக்கிக்கொண்டது. இதை 'சும்மா விளக்குதானே' என்று விடாதீர்கள். டிக்கி விளக்கும் அணையாமல் உள்ளே எரிந்துகொண்டே இருக்கலாம். 5 வாட் பல்பு 12 வோல்டில் கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கைந்து நாளில் காலி, ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கு முன்னாலேயே. விடுமுறைக்குக் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பேட்டரி செத்திருந்தால் பலரும் பேட்டரியை மாற்றுகிறார்களே தவிர டிக்கியைப் பார்ப்பதில்லை. பார்க்க ஒரு வழி: கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு விளக்கைப் பார்த்தபடி டிக்கிக்குள் வைத்து மூடுங்கள், அரை நிமிடம் கழித்துத் திறந்து வீடியோவைப் பாருங்கள். திரை இருட்டாகிறதா இல்லையா என்பதில் விடை இருக்கிறது. டிக்கியைத் திறப்பதிலேயே சந்தேகம் இருக்கும் காரில் மட்டும் கைப்பேசியை உள்ளே வைக்காதீர்கள், ஸ்குரூடிரைவர் சோதனையே போதும்.

நெம்புகோல், சாவித் துளை

நெம்புகோல் தொளதொளவென்று எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தால் கேபிள் அறுந்தது, அல்லது முனை கொக்கியிலிருந்து கழன்றது, பெரும்பாலும் கழன்றதுதான். கல் மாதிரி இறுகியிருந்தால் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நெம்புகோல் உடையும். சாவித் துளையை வருடக்கணக்கில் தொட்டிருக்க மாட்டோம். கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியை மெதுவாக நுழைத்து எடுத்துப் பழக்குங்கள். பலம் போட்டுத் திருப்பினால் சாவி உள்ளேயே ஒடியும்.

மூடியே பாரமாக இருந்து எழும்பாவிட்டால் அது பூட்டுப் பிரச்சினை இல்லை, கேஸ் தாங்கியோ கீல் ஸ்பிரிங்கோ தளர்ந்தது.

எதுவும் திறக்கவில்லை, உள்ளே போக வேண்டும்

பின்சீட் மடங்கும் கார் என்றால் மடக்கிவிட்டு டார்ச்சோடு உள்ளே போங்கள். மூடியின் உள்பக்கத்தில் இருட்டில் பச்சையாக ஒளிரும் இழுப்புக் கைப்பிடி சில கார்களில் இருக்கும், இழுத்தால் திறக்கும். இல்லாவிட்டால் லாட்சின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கேபிளோ மோட்டாரோ எந்தச் சின்ன நெம்புகையை அசைக்கிறதோ அதை ஸ்குரூடிரைவரால் நகர்த்துங்கள். அதற்குத்தான் திறந்திருக்கும்போதே ஒருமுறை லாட்சைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், இருட்டில் படுத்துக்கொண்டு முதல் தடவையாகத் தேடுவது கஷ்டம். பல ஹாட்ச்பேக்குகளில் கதவின் உள்பக்கம் கீழே ஒரு குட்டி மூடி இருக்கும், அதை நெம்பினால் அவசரத்துக்குத் திறக்கும் நெம்புகை தெரியும்.

பின்சீட் மடங்காத செடானில் நடுவில் கைவைக்கும் பகுதிக்குப் பின்னால் துளை இருக்கிறதா பாருங்கள். பி.எம்.டபிள்யூ மாதிரி சில கார்களில் பல மாடல்களுக்குப் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கிறது. பேட்டரி செத்து டிக்கியும் திறக்காமல் போனால் திணறாதீர்கள், பானெட்டுக்குள் ஜம்ப் ஸ்டார்ட் செய்ய முனைகள் வைத்திருப்பார்கள், அங்கே மின்சாரம் கொடுத்தால் டிக்கி திறக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு லாட்ச் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழைய லாட்சைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வொர்க்ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன் மூடியைத் திறந்துவைத்து, அவர்கள் முன்னாலேயே ஸ்குரூடிரைவரால் கவ்வியைத் தள்ளி ரிமோட், வெளிப்பட்டன், நெம்புகோல், சாவி நான்கிலும் திறக்கிறதா, நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா, டாஷ்போர்டு விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். சில கார்களில் புது லாட்ச் போடும்போது கேபிளை மாட்ட மறந்துவிடுவார்கள், ரிமோட்டில் திறப்பதால் யாருக்கும் தெரியாது, பேட்டரி செத்த அன்றைக்குத்தான் தெரியும்.